கிளாம்பாக்கம் வரை: ஒரு மெட்ரோ நீட்டிப்பும் தவறிய வரிசையும்

சென்னை கோயம்பேட்டில் வெளியூர்ப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது 2002 நவம்பரில். அதன் வாசலுக்கு மெட்ரோ வந்தது 2015 ஜூன் 29 அன்று. நகரின் முதல் மெட்ரோ சேவையே ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையில்தான் ஓடியது. நடுவில் பன்னிரண்டரை ஆண்டு. அப்படி ஒருவழியாகப் பேருந்தும் ரயிலும் சேர்ந்து எட்டரை ஆண்டிலேயே பேருந்து நிலையம் இடம் பெயர்ந்தது. வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கர் பரப்பில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போய்விட்டன. மெட்ரோ மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே மெட்ரோ கணக்கில் 15.46 கிலோமீட்டர்.

இந்த இடைவெளியை நிரப்பும் திருத்திய திட்ட அறிக்கையை 2025 பிப்ரவரியில் சென்னை மெட்ரோ நிறுவனம் மாநில அரசிடம் அளித்தது. முழுவதும் உயர்மட்டப் பாதை. 13 நிலையங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகப் போய் உயிரியல் பூங்காவைத் தாண்டிப் பேருந்து முனையத்தில் முடிகிறது. மதிப்பீடு 9,335 கோடி ரூபாய்.

மெட்ரோ நீட்டிப்பு என்றால் பத்திரிகைகளும் நாமும் முதலில் பார்ப்பது வரைபடத்தை. எந்தத் தெருவில் போகிறது, நம் ஊருக்கு நிலையம் உண்டா, எத்தனை கோடி. இவை கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இந்தப் பாதை செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் கதையைக் கூர்ந்து படித்தால், பணத்தையும் காலத்தையும் விழுங்கியது வழித்தடத் தேர்வு இல்லை என்பது புலப்படும். தெற்கே போக அந்தச் சாலையை விட்டால் வேறு வழி கிடையாது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். எதை முதலில் கட்டுவது, எதைப் பிறகு கட்டுவது என்ற வரிசையில்தான் பிசகு நேர்ந்தது. அந்தப் பிசகின் விலையைத்தான் இப்போது நகரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரே சாலை, பல துறைகள்

விமான நிலையத்துக்கு எதிரே, சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதை முதன்முதலில் மின்மயமானது இங்கேதான். அந்தப் பாதை இன்று அகலப்பாதையாகிச் செங்கல்பட்டுக்கும் அப்பால் நீள்கிறது. ரயிலை ஒட்டிச் சாலை, சாலையை ஒட்டிக் கடைகள், கடைகளுக்குப் பின்னே நெருக்கமான குடியிருப்புகள். தென் தமிழகத்திலிருந்து சென்னைக்குள் வரும் வாகனங்களில் பெரும்பகுதி இந்தச் சாலையில்தான் நுழைகிறது.

இந்தச் சாலைக்கு ஒரு சொந்தக்காரர் இல்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு இதில் பங்குண்டு. மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு உண்டு. பக்கத்திலேயே தெற்கு ரயில்வே. வடிகாலும் தெருவிளக்கும் உள்ளாட்சிக்கு. கிளாம்பாக்கம் முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. விமான நிலையத்தைச் சுற்றி எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்று சொல்வது விமான நிலைய ஆணையம். ஒவ்வொரு துறையும் தன் வேலையைச் செய்தது. பல்லாவரத்தில் ஒரு மேம்பாலம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. அருகே ஒன்று, பெருங்களத்தூரில் ஒன்று, வண்டலூரில் ஒன்று. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அந்தந்தச் சந்திப்பின் நெரிசலைத் தீர்க்கக் கட்டியதுதான்.

மெட்ரோவுக்கு முறை வரும்போதுதான் சிக்கல் வெளியே தெரிகிறது. உயர்மட்டப் பாதைக்குச் சாலையின் நடுத்திட்டில் தூண் நிறுத்துவது வழக்கம். அங்கே ஏற்கெனவே மேம்பாலம் இருந்தால் இரண்டே வழி. ஒன்று, அதற்கும் மேலே ஏற வேண்டும். ஏறினால் தூண் உயரும், அஸ்திவாரம் ஆழமாகும், நிலையத்தின் தளம் உயரும். முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி ஏற வேண்டிய உயரமும் அதோடு கூடும். இரண்டாவது வழி, ஓரமாக ஒதுங்குவது. ஒதுங்கினால் தனியார் நிலம், கடை, வீடு, வழக்கு. விமான நிலையத்தை ஒட்டிய பகுதியிலோ மேலே ஏறுவதற்கும் வரம்பு உண்டு.

இது போதாதென்று, அதே சாலையின் மேல் வாகனங்களுக்கென்று ஓர் உயர்மட்டச் சாலையும் திட்டமிடப்பட்டது. ஒரே நடுத்திட்டின் மேல் இரண்டு திட்டங்கள். எது கீழ்த்தளம், எது மேல்தளம், தூண் யாருடையது, செலவு யாருடையது என்று தீரும்வரை மெட்ரோ அறிக்கை நகரவில்லை. இந்த வழித்தடத்துக்கு முன்பு சொல்லப்பட்ட மதிப்பீடு சுமார் 4,080 கோடி ரூபாய். சாலை மேம்பாலத்தோடு பொருந்தும்படி திருத்திய அறிக்கையில் அது 9,335 கோடியாகி நிற்கிறது. இந்த ஏற்றம் முழுவதையும் தாமதத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. வடிவமைப்பே மாறியிருக்கிறது, விலைவாசியும் ஏறியிருக்கிறது. ஆனாலும் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 600 கோடிக்கு மேல். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் திறந்த நீட்டிப்பு 9.05 கிலோமீட்டர், 3,770 கோடி. கிலோமீட்டருக்கு 417 கோடிதான் வருகிறது, அதில் ஒரு பகுதி சுரங்கப்பாதையாக இருந்தும். பணமதிப்பு வேறு, காலம் வேறு என்று கழித்துக்கொண்டாலும், நகரத்தின் புறத்தே முழுக்க உயரத்தில் ஓடப்போகும் பாதை இந்த விலைக்கு வருவது சும்மா கடந்துபோகக் கூடிய சங்கதி இல்லை.

நாக்பூரில் வார்தா சாலையில் நெடுஞ்சாலை மேம்பாலமும் மெட்ரோவும் ஒரே தூணில் 3.14 கிலோமீட்டர் போகின்றன. கீழே பழைய சாலை, நடுவே மேம்பாலம், உச்சியில் ரயில். சென்னையிலேயே இரண்டாம் கட்டத்தில் போரூர், ஆழ்வார்திருநகர்ப் பக்கம் இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்கு ஒரே தூண் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. ஒரே தூணை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது பொறியியலுக்குப் புதிதில்லை. முதல் தூணுக்குக் குழி தோண்டும் முன்பே இரண்டு துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மேசை சட்டப்படி இருந்தது என்பதுதான் வருத்தம். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் வந்தது. சுருக்கமாகக் கும்டா என்கிறோம். பேருந்து, ரயில், மெட்ரோ, சாலை அனைத்தையும் ஒரே கண்ணால் பார்த்துத் திட்டமிட வேண்டிய அமைப்பு. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். அந்தப் பன்னிரண்டு ஆண்டில் மேம்பாலங்கள் எழுந்துவிட்டன, கிளாம்பாக்கத்தின் கட்டுமானமும் வெகுதூரம் போய்விட்டது.

எத்தனை பேர் ஏறுவார்கள்?

ஒரு நீட்டிப்பு தேவையா என்பதை முடிவு செய்வது கடைசியில் ஓர் எண். நெரிசல் நேரத்தில், கூட்டம் அதிகமுள்ள திசையில், மணிக்கு எத்தனை பேர். மெட்ரோ அலுவலகங்களில் எல்லா விவாதமும் இந்த எண்ணைச் சுற்றித்தான். பெட்டி எத்தனை, எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில், நடைமேடையின் அகலம், மின்சாரத் தேவை, கட்டண வருவாய் எல்லாமே இதிலிருந்து பிறக்கின்றன.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது? நகரத்தைச் சிறு சிறு மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் எத்தனை குடும்பம், எத்தனை வேலை, எத்தனை கல்லூரி இருக்கின்றன என்பதை வைத்து, ஒரு நாளில் எத்தனை பயணங்கள் தோன்றும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பயணங்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பது அடுத்த படி. போகிறவர் பேருந்தில் போவாரா, இருசக்கர வாகனத்திலா, ரயிலிலா என்பது மூன்றாவது. எந்தப் பாதையில் என்பது நான்காவது. வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்பும், சாலையோரம் நின்று வண்டிகளை எண்ணுவதும் இதற்கு அடிப்படை.

நான்கு படியிலும் வழுக்கும் இடம் மூன்றாவது. ஒருவர் கையிலிருக்கும் வண்டிச் சாவியைக் கீழே வைத்துவிட்டு ரயிலேறுவாரா என்பது நேரம், கட்டணம், நடக்கும் தூரம், காத்திருப்பு நான்கையும் பொறுத்தது. இந்த எடையில் சிறிது கூடுதல் குறைவு செய்தாலும் கடைசி எண் பெரிதாக மாறிவிடும்.

முதல் கட்டத்தின் அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. 2016இல் நாளொன்றுக்கு ஏழே முக்கால் லட்சம் பேர் பயணிப்பார்கள் என்று அதன் திட்ட அறிக்கை கணித்திருந்தது. முதல் கட்டம் முழுமையாகத் திறந்ததே 2019 பிப்ரவரியில்தான்; ஆகவே 2016ஐ வைத்து ஒப்பிடக் கூடாது. 2024ஐ எடுத்துக்கொள்வோம். விம்கோ நகர் நீட்டிப்பும் சேர்ந்து 54 கிலோமீட்டர் ஓடிய அந்த ஆண்டில் மொத்தம் 10.52 கோடிப் பயணங்கள். ஒரு நாளைக்குச் சராசரி 2.9 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. எட்டு ஆண்டு பொறுத்துப் பார்த்தும் கணிப்பில் பாதிகூட வரவில்லை. 2023இன் 9.11 கோடியிலிருந்து ஏறியிருக்கிறது, இன்னும் ஏறும். மெட்ரோ தோற்றுவிட்டது என்று சொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை. கணித்த முறையைத் திருத்தாமல் அதே முறையில் அடுத்த நீட்டிப்பையும் கணித்துவிடக் கூடாதே என்ற கவலையில் சொல்கிறேன்.

சென்னை மட்டும் இப்படித் தவறவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பென்ட் ஃபிளிவ்பியர்கும் அவரது குழுவினரும் 14 நாடுகளின் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. ரயில் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கை மிகையாகக் கணிக்கப்பட்டிருந்தது. சராசரியாகப் பார்த்தால், உண்மையில் வந்தவர்களைப் போல் இரு மடங்குக்கும் மேல். சாலைத் திட்டங்களில் இப்படி ஒரே பக்கமாகச் சாயவில்லை. ரயிலில் மட்டும் ஏன்? அனுமதியும் கடனும் கிடைக்க எண் பெரிதாக இருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் தந்த விளக்கங்களில் ஒன்று.

ஜி.எஸ்.டி. சாலையில் இந்தக் கணக்கு இன்னும் கடினம். பக்கத்திலேயே மின்சார ரயில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்குச் சாதாரண வகுப்பில் 10 ரூபாய். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம், 2021இல் குறைத்த பிறகும், 50 ரூபாய். மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. குரோம்பேட்டையில் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு மாதம் முழுக்க மெட்ரோவில் போய்வரும் செலவு, சம்பளத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டு. நேரம் மிச்சமாகிறது என்பதற்காக அவர் மாறிவிடுவார் என்று ஒரு கணினி மாதிரி சொன்னால், அந்த மாதிரியை நம்பத் தயக்கமாக இருக்கிறது. அதே சமயம், 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டுப் பாதையில் குறைந்தபட்சம் 35 ரூபாய்க் கட்டணத்தில் குளிர்சாதன மின்சார ரயில் விடப்பட்டது. அதில் யார் ஏறுகிறார்கள், எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள், எந்த நேரத்தில் என்ற விவரம் மெட்ரோ திட்டத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சோதனைத் தரவு. வினாத்தாளில் மக்கள் சொல்லும் பதிலைவிட, பணம் கொடுத்து வாங்கிய பயணச்சீட்டு உண்மையைச் சொல்லும்.

மக்கள்தொகைத் தரவின் நிலையோ வேறு. கடைசியாக நம்மிடம் இருப்பது 2011 கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு இந்தப் பகுதியின் முகமே மாறிவிட்டது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை எல்லாம் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2025 நவம்பரில் கோயம்புத்தூர், மதுரை மெட்ரோ அறிக்கைகளை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, 2011 கணக்குப்படி அங்கே 20 லட்சம் பேர் இல்லை என்பது. பதினான்கு ஆண்டு பழைய எண்ணைக் கொண்டு ஒரு நகரத்தின் அடுத்த முப்பது ஆண்டைத் தீர்மானிப்பது, இல்லை என்று சொல்வதற்கும் சரி, ஆம் என்று சொல்வதற்கும் சரி, தகுந்த அடிப்படை ஆகாது.

மெட்ரோ வேண்டாம் என்பதா?

இவ்வளவும் படித்த பிறகு, பக்கத்தில் மின்சார ரயில் இருக்க மெட்ரோ எதற்கு என்று கேட்கத் தோன்றும். தேசிய மெட்ரோ ரயில் கொள்கை 2017 அந்தக் கேள்வியைக் கட்டாயமாகவே கேட்கச் சொல்கிறது. மாற்று வழிகளை ஒப்பிட்ட பிறகே மெட்ரோவைத் தேர்வு செய்ய வேண்டும். சமூகத்துக்குக் கிடைக்கும் பொருளாதாரப் பலன் ஆண்டுக்கு 14 சதவீதமாவது இருக்க வேண்டும். நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை இணைப்பு வசதிக்குத் திட்டம் காட்ட வேண்டும்.

வண்டலூரிலிருந்து எழும்பூருக்கோ கடற்கரைக்கோ போகிறவருக்கு மின்சார ரயிலே போதும். அவரை மெட்ரோ இழுக்காது, இழுக்கவும் வேண்டியதில்லை. மெட்ரோவின் பயன் அதன் சந்திப்புகளில் இருக்கிறது. ஆலந்தூரில் மாறினால் இன்றைக்கே வடபழனியும் கோயம்பேடும் போகலாம். இரண்டாம் கட்டத்தின் மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடமும் ஆலந்தூரைத் தொடுகிறது. அது முடிந்தால், தாம்பரத்தில் ஏறுகிறவர் ஒரே மாற்றத்தில் சோழிங்கநல்லூர் கணினி நிறுவனங்களுக்குப் போய்விடுவார். இந்தக் குறுக்குப் பயணங்களுக்கு இன்று மின்சார ரயில் உதவாது. இவைதான் இருசக்கர வாகனத்திலும் காரிலும் ஜி.எஸ்.டி. சாலையை நிரப்புகின்றன. ஆக, நீட்டிப்பு தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் நியாயம் முழுக்க ஆலந்தூரிலும் தாம்பரத்திலும் கிளாம்பாக்கத்திலும் மாறுவது எவ்வளவு எளிது என்பதில் தொங்குகிறது.

நெல்லையிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளாம்பாக்கத்தில் வந்திறங்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு பெட்டி, ஓர் அரிசிச் சிப்பம், தூக்கக் கலக்கத்தில் ஒரு குழந்தை. சென்னை மெட்ரோ ஓடத் தொடங்குவது காலை ஐந்து மணிக்கு. இரவு பதினொன்றுக்கு முடிகிறது. தென்மாவட்டப் பேருந்துகளோ இருட்டோடு வந்து சேர்கின்றன, இரவு எட்டு மணிக்குப் பிறகு வரிசையாகப் புறப்படுகின்றன. ரயிலுக்கும் பேருந்துக்கும் நேரம் ஒத்துப்போகாவிட்டால், முனையத்தின் வாசலிலேயே நிலையம் கட்டினாலும் அந்தக் குடும்பம் ஆட்டோக்காரரிடம்தான் பேரம் பேசும். ரயில் பாதையைப் பராமரிக்க இரவில் சில மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும், அது புரிகிறது. ஆனால் பராமரிப்பு நேரத்தை முன்னே நகர்த்தலாமா, நாலு மணிக்கு முதல் ரயில் விட முடியுமா என்பதைத் திட்டமிடும்போதே முடிவு செய்தால்தான் பாதை மாறும் இணைப்புகளையும் பணிமனையையும் அதற்கேற்ப வைக்க முடியும். கட்டி முடித்த பிறகு கேட்டால் முடியாது என்ற பதிலே வரும்.

அரிசிச் சிப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பைச் சோதனைக் கருவியில் அது நுழையுமா, மின்தூக்கியில் எத்தனை பேர் பெட்டியோடு நிற்க முடியும், தானியங்கிக் கதவின் அகலம் போதுமா? அலுவலகப் பையோடு வரும் பயணியை மனத்தில் வைத்து வரைந்த நிலையம் கிளாம்பாக்கத்துக்குச் சரிப்படாது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையும் இப்படித்தான். பழைய டிரங்க் சாலையில் பழைய நாற்காலி முதல் செடி, கோழிக்குஞ்சு வரை விற்கும் அந்தச் சந்தையின் கூட்டம் காலை ஒன்பது மணி, மாலை ஆறு மணி என்ற நெரிசல் கணக்குக்குள் அடங்காது.

நிலையத்தின் எண்ணிக்கையும் யோசிக்க வேண்டியது. 13 நிலையம் என்றால் சராசரியாக ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் குறைவாக ஒன்று. நடந்து வருகிறவருக்கு வசதி. ஆனால் ஒவ்வொரு நிறுத்தமும், வேகம் குறைத்து நின்று மறுபடி வேகமெடுக்க, ஏறத்தாழ ஒரு நிமிடம் தின்னும். சராசரி வேகம் மணிக்கு 33 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிளாம்பாக்கத்திலிருந்து விமான நிலையம் வர 28 நிமிடம். அதற்கப்புறம்தான் கிண்டி.

இந்த 28 நிமிடத்துக்குள் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. போக 28, வர 28, முனைகளில் திரும்ப நாலு. ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் விட வேண்டுமானால் கூடுதலாகப் பத்து ரயில் தொகுதிகள். மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் இருபது. இவை தவிர மாற்றுக்கு வைத்திருப்பவை வேறு. விம்கோ நகர் நீட்டிப்புக்கும் பத்து ரயில்கள் கூடுதலாக வாங்கினார்கள். அங்கேயே ஒரு பணிமனையும் கட்டினார்கள். அது நல்ல முடிவு. பணிமனை இல்லாவிட்டால் காலையில் முதல் ரயில் கோயம்பேட்டிலிருந்து ஆளில்லாமல் அவ்வளவு தூரம் ஓடி வந்துதான் சேவையைத் தொடங்க வேண்டும். தெற்குக் கோடியிலும் ரயில்களை இரவில் நிறுத்த இடம் இல்லையென்றால், நாலு மணி ரயில் வெறும் ஆசையாகவே நின்றுவிடும்.

இன்னொன்று. கிளாம்பாக்கத்தில் ஏறுகிறவர் உட்கார்ந்து வருவார்; கிண்டியில் ஏறுகிறவர் நிற்க இடம் தேடுவார். நான்கு பெட்டி ரயிலில் நெருக்கி நின்றால் 1,276 பேர். நீட்டிப்பின் சுமை பழைய பாதையின் நடுப்பகுதியில்தான் இறங்கும். முதல் கட்டத்தின் நடைமேடைகள் ஆறு பெட்டிக்கு இடம் விட்டுக் கட்டியவை என்பது அன்று திட்டமிட்டவர்களின் முன்யோசனை. அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆறு பெட்டி ரயில்கள் வந்து சேர்வதும் நீட்டிப்பு திறப்பதும் முன்பின்னாகிவிடாமல் பார்த்துக்கொள்வது இன்றைய அலுவலர்களின் பொறுப்பு.

அரை கிலோமீட்டர்

வரிசை தவறினால் என்னாகும் என்பதற்கு ஜி.எஸ்.டி. சாலைக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் நீட்டிக்க 2008இல் வேலை தொடங்கியது. நாலரை கிலோமீட்டர் தூண்கள் எழுந்துவிட்டன. ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டருக்கான நிலத்தில் இழப்பீட்டு வழக்கு. உச்ச நீதிமன்றம் வரை போனது. நகரின் மூன்று ரயில் அமைப்புகளையும் பரங்கிமலையில் இணைக்க வேண்டிய அந்தத் துண்டு பதினைந்து ஆண்டுக்கு மேல் தொங்கியது. நிலம் கொடுத்தவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் சேமிப்பான வீட்டை இழக்கிறவர் நியாயமான விலை கேட்பது அவர் உரிமை. நிலம் முழுவதும் கைக்கு வந்த பிறகு தூண் எழுப்புவதே முறை. நாம் தூணை எழுப்பிவிட்டு நிலத்தைக் கேட்டோம்.

ஜி.எஸ்.டி. சாலையில் நிலத்தின் சிக்கல் வேறு விதம். பாதை சாலையின் மேலேயே போவதால் நிலையப் படிக்கட்டுகளுக்கும் வாகன நிறுத்தத்துக்கும்தான் பெரும்பாலும் இடம் தேவைப்படும். அங்கே இருப்பவை கடைகள். கட்டட உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. இருபது ஆண்டாக வாடகைக்கு இருந்து வாடிக்கையாளரைச் சேர்த்துவைத்த கடைக்காரருக்கும் அவரிடம் வேலை பார்க்கும் பையனுக்கும் என்ன என்பது திட்ட அறிக்கையிலேயே எழுதப்பட வேண்டும். கட்டுமானம் நடக்கும் நான்கைந்து ஆண்டில் தகரத் தடுப்புக்குப் பின்னால் மறைந்துபோகும் கடைகளுக்கும் அதே கேள்வி.

நிலையங்களைச் சுற்றி உயரமான கட்டடங்களுக்கு அனுமதி தந்து, அதில் வரும் மதிப்பின் ஒரு பங்கை மெட்ரோ செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது ஒன்றியக் கொள்கை. எல்லா இடத்திலும் அது எடுபடாது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதன்முதலாக அடையாளம் கண்ட ஊர் பல்லாவரம். அங்குள்ள தொல்லியல் இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. அங்கே அடுக்குமாடி வருவாயை எதிர்பார்த்து நிதிக் கணக்குப் போட்டால் அது காகிதத்தில்தான் நிற்கும்.

யாரிடம் கேட்பது

நிதியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் வந்தது 2024 அக்டோபர் 3 அன்று. அந்த நான்கு ஆண்டுச் சுமை மாநிலத்தின் தோளில் இருந்தது. கிளாம்பாக்கம் நீட்டிப்பும் பங்கீடு உறுதியாகாமல் தொடங்கினால் அதே கதை திரும்ப வரும்.

எனவே மெட்ரோ நிறுவனத்துக்கும் கும்டாவுக்கும் அரசுக்கும் இந்தப் பகுதி மக்கள் சார்பில் சில வேண்டுகோள்கள். பயணிகள் கணிப்பை வெறும் இறுதி எண்ணாகத் தராதீர்கள். கட்டணம் எவ்வளவு என்று கொண்டீர்கள், மின்சார ரயிலை எப்படிக் கணக்கில் சேர்த்தீர்கள், முதல் கட்டக் கணிப்பில் எது தவறியது என்று சேர்த்துச் சொல்லுங்கள். கணித்த எண்ணில் பாதிப் பேர்தான் வந்தால் திட்டம் தாங்குமா என்ற கணக்கையும் காட்டுங்கள். பேருந்து முனையத்தின் வருகை நேரத்தை வைத்து ரயில் நேரத்தை முடிவு செய்யுங்கள். சாலை மேம்பாலமும் மெட்ரோவும் ஒரே ஒப்பந்த அட்டவணையில் வரட்டும். நிலம் முழுவதும் கைக்கு வராமல் ஒரு தூணும் எழ வேண்டாம்.

இவற்றைத் தமிழில் அச்சிட்டு, தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளிலும், வண்டலூர், ஊரப்பாக்கம் கிராம சபைகளிலும் முன்வையுங்கள். 9,335 கோடி ரூபாய் அவர்கள் பணம். எந்த இடத்தில் சாலையைக் கடக்க முடியாது, எந்தத் தெருவில் மழைநீர் நிற்கும், எந்த நேரத்துக்கு எந்தப் பேருந்து நிரம்பி வழியும் என்பதெல்லாம் அங்கே நாள்தோறும் நடப்பவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் கோரும் முன்பே அவர்களைக் கேளுங்கள்.